இல்லாத ஆற்றைப் பற்றிய பொய்

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்னும் கருத்தமைந்த நல்வழிச் செய்யுளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்து வந்திருக்கின்றனர். தம்மூரில் ஆறு இல்லை என்பதை அறிந்துகொண்டே அவர்கள் அதனை ஒப்புவித்தனர் என்பதுதான் வேடிக்கை. வழுக்கையாறு என ஒன்றுண்டு. மாரியில் மட்டும் ஓடி அராலியருகே கடலை அடையும் அந்த வெள்ளவாய்க்கால் கோடையில் மாடு மேயும் தரவையாகிவிடும். சுண்ணாம்புக் கல்லினூடே நிலத்தடிக்கு இறங்கிவிடும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே எம் முன்னோர் தோட்டஞ் செய்தனர். ஆகவே காவிரியும் வைகையும் கங்கையும் எமக்கு ஏட்டிலே ஓடிய ஆறுகள். வருடம் முழுவதும் நீரோடும் ஓர் ஆற்றின் கரையில் நான் வசிக்கத் தொடங்கியது பேராதனைக்கு வந்த பின்னரே. மகாவலியைக் காண்பதற்கு முன்பே நான் நன்கறிந்திருந்த ஆறு ஒன்றுண்டு. அதன் கிளையாறுகளையும், தீவுகளையும், கடவைத் துறைகளையும், அதன் கரையில் நிகழ்ந்த போர்களின் ஆண்டுகளையும் வரிசை பிசகாமற் சொல்ல என்னால் முடிந்தது. அதன் பெயர் அந்துயின். அது உலகில் எங்கும் இல்லை.

இதை ஒருநாள் விடுதியில் சொல்லப்போய் நண்பர் ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டேன். அவர் புவியியல் சிறப்புக்கலை மாணவர். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கலப்பதை அளவு பிசகாது சொல்பவர். “மகாவலியின் நீளத்தை நான் பிழையாகச் சொன்னால் யாரும் திருத்தலாம். உனது ஆற்றைப் பற்றி நீ என்ன சொன்னாலும் சரிதானே? இல்லாத ஆற்றைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அன்றிரவு எனக்கு விடை கிடைக்கவில்லை. பல மாதங்களின் பின்னர் கிடைத்த விடை எனக்கு அவ்வளவு வசதியானதாக இல்லை. இக்கட்டுரை அவ்விடையைப் பற்றியது.

நமது அளவைநூலார் முழு இன்மைக்கு எடுத்துக்காட்டாக முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் கூறுவர். முயற்கொம்பு நீளமானதா குட்டையானதா என்று கேட்பவன் கேட்கத் தெரியாதவன் என்பது அவர்தம் துணிபு. மேனாட்டு மெய்யியலிலும் இவ்வினா பழையது. ஜேர்மானியரான பிறேகே 1892 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலே, சுட்டும் பொருளில்லாத பெயர்களைக் கொண்ட வாக்கியங்களுக்குக் கருத்து உண்டு, மெய் பொய் என்னும் மதிப்பு இல்லை என்ற நிலைப்பாட்டினை எடுத்தார். (அந்துயினைப் படைத்த ரோல்கீன் பிறந்ததும் அதே ஆண்டில் என்பது ஒரு தற்செயல், அதற்குமேல் அதில் எதுவுமில்லை.) 1905 இல் ரசல் இத்தகைய வாக்கியங்கள் பொய்யானவை என்றார். 1978 இல் டேவிட் லூயிஸ், புனைகதையைப் பற்றி நாம் பேசுகையில் ‘இன்ன கதையின்படி’ என்னும் சொற்றொடர் சொல்லப்படாமலே முன்னே நிற்கின்றது என்றும், அதனைச் சேர்த்து நோக்கினால் சில கூற்றுகள் மெய்யாகவும் சில பொய்யாகவும் அமையும் என்றும் விளக்கினார். இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1595 இல் அச்சேறிய நூலொன்றிலே பிலிப் சிட்னி, கவிஞன் எதனையும் உண்மையென்று உறுதி கூறுவதில்லையாதலின் அவன் பொய்யனாக மாட்டான் என வாதிட்டிருந்தார். சிட்னியின் வாதம் எனக்கு நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முதலில் ஆற்றைச் சொல்லவேண்டும்.

ஜே. ஆர். ஆர். ரோல்கீன் (1892 - 1973) ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937 இல் ‘ஹொபிற்’ என்னும் நூலையும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக ‘த லோட் ஒவ் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையையும் வெளியிட்டார். கதை நிகழும் நிலத்துக்கு மத்திய பூமி என்று பெயர். அதன் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் பேராறே அந்துயின். அப்பெயர் எல்வ் என்னும் மரணமிலா இனத்தாரின் மொழியில் நெடிய ஆறு எனப் பொருள்படும். வடக்கே வாழ்ந்த குதிரை வீரரான எயோதெயொட் மக்கள் அதனை லாங்பிளட் என்றழைத்தனர். பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஒரே ஆற்றுக்கு மக்கள்தோறும் பெயர் வேறாதல் மெய்யான ஆறுகளின் இயல்பு. பெயரொன்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடும் கற்பனையாளருக்கு இது தோன்றுவதில்லை.

ஆறு இரண்டு ஊற்றுகளிற் பிறக்கின்றது. சாம்பல் மலைகளிலிருந்து கிறேலின் வருகின்றது. பனிமூட்ட மலைத்தொடரின் வடகோடியிலிருந்து லாங்வெல் வருகின்றது. இரண்டும் கூடியபின் மேற்கே அம்மலைத்தொடரும் கிழக்கே மேர்க்வூட் என்னும் இருண்ட பெருங்காடும் அணைசெய்ய, அகன்ற பள்ளத்தாக்கிலே தென்றிசை நோக்கி நெடுந்தூரம் ஓடுகின்றது. நண்பரிடம் படத்தைக் காட்டியபோது அவர் முதலிற் கவனித்தது, இப்பகுதியிலே கிளையாறுகள் மேற்கிலிருந்தே வருகின்றன என்பதை. கிளாடன், செலபிரன்ற், லிம்லைற் யாவும் மலையிலிருந்து இறங்குவன. காட்டினுள் எழும் ஆறு கிழக்கு நோக்கிப் போய்விடுகின்றது. “மலை எங்கேயோ அங்கிருந்துதான் நீர் வரவேண்டும். இதைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்” என்று ஒருமையிற் பாராட்டினார். மோர்டோர் நாட்டைச் சூழ்ந்த மலைகள் பெட்டி போலச் செங்கோணத்தில் மடிவதைக் கண்டதும் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

லொத்லோரியன் என்னும் பொன்னிலை வனத்தைக் கடந்ததும் ஆறு பாழ்நிலத்தினூடே செல்கின்றது. பின் எமின் முயில் எனும் கற்குன்றுகளிடையே நெருக்குண்டு சார்ன் கெபிர் என்ற விரைவோட்டப் பாறைகளிற் சிதறுகின்றது. அப்பால் இருபுறமும் பண்டைய அரசர் இருவரின் பேருருவங்கள், ஆர்கொநத், இடக்கையை உயர்த்தி வடக்கு நோக்கி எச்சரித்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டினால் நீண்ட ஏரி. ஏரியின் தென்முனையிலே ரௌரொஸ் அருவி. அருவியின் கீழே சதுப்பு நிலம். அதன்பின் கப்பலின் முகப்புப் போன்ற பாறையைக் கொண்ட கைர் அன்ட்ரொஸ் தீவு; ஒஸ்கிலியத் நகரம்; பெலார்கிர் துறைமுகம்; பல வாய்களாகப் பிரிந்து பெல்ஃபலாஸ் விரிகுடாவிற் கலக்கும் கழிமுகம். ஹொபிற்றர் வாழும் ஊர் ஒக்ஸ்போட்டின் அகலக்கோட்டில் இருப்பதாகக் கொண்டால் மினாஸ் திரித் நகரம் ஏறத்தாழ புளோரன்சின் அகலக்கோட்டிலும், அந்துயினின் வாய்கள் பண்டைத் திரோய் நகரின் அகலக்கோட்டிலும் அமையும் என ஆசிரியரே 1967 இல் எழுதிய கடிதமொன்றிற் கூறியுள்ளார். தாம் முதலில் வரைபடத்தை வரைந்து கதையை அதற்கிசையச் செய்ததாகவும், கதையை முதலில் எழுதி அதற்குப் படம் வரைய முயல்வது குழப்பத்தில் முடியும் என்றும் 1954 இல் எழுதிய மற்றொரு கடிதத்திற் சொல்கின்றார்.

இனி ஆற்றின் வரலாறு. அதன் தொடக்கத்திலேயே ஒரு தயக்கம் நிற்கின்றது. சூரியனும் சந்திரனும் தோன்றுவதற்கு முன், எல்வ் மக்கள் மேற்றிசை நோக்கி நெடும்பயணஞ் செய்தபோது, அவர்களுள் ஒரு கூட்டத்தார் இவ்வாற்றை அடைந்து அப்பாலுள்ள மலைகளின் உயரத்தைக் கண்டனர். லென்வே என்பவன் தலைமையில் பலர் பயணத்தைக் கைவிட்டு ஆற்றின்வழியே தெற்கே சென்றுவிட்டனர். அவர்கள் தோற்றவர்கள் என்று கதை எங்கும் சொல்வதில்லை. நின்றுவிட்டவர்கள், அவ்வளவே.

நெடுங்காலத்தின் பின், கடல்கடந்து வந்த மனிதர் கொன்டோர் அரசை நிறுவியபோது ஆற்றின் இரு கரையிலும் ஒரு தலைநகரைக் கட்டினர். அதுவே ஒஸ்கிலியத். இசில்தூர், அனாரியொன் என்னும் சகோதரர் இருவரின் அரியணைகளும் அங்கு அருகருகே வைக்கப்பட்டிருந்தன. ஆறு அப்போது எல்லையாக இருக்கவில்லை. நகரின் நடுவீதியாக இருந்தது. அந்நகர் அழிந்த முறையை ஆசிரியர் தரும் ஆண்டுக் குறிப்புகளில் தொடர்ந்து படித்தால் ஒரு வரலாற்று மாணவனுக்கு ஏற்படும் உணர்வே வேறு. (இவ்வாண்டுகள் யாவும் கதையின் மூன்றாம் யுகத்தைச் சார்ந்தவை.) 1437 இல் நகரை எரித்தவர் பகைவரல்லர், அரசுரிமைக்காகத் தம்முள் மோதிய கொன்டோர் மக்களே. தொலைவிலுள்ளதைக் காட்டும் கல்லொன்று அந்நாளில் ஆற்றில் வீழ்ந்து மறைந்தது. 1636 இல் கொள்ளைநோய். அரசனும் அவன் மக்களும் மாண்டனர். 1640 இல் அரசமனை மேற்கே மினாஸ் அனோருக்கு இடம்பெயர்ந்தது. 2475 இல் ஓர்க்குகள் கற்பாலத்தை உடைத்தன. அதன்பின் நகரில் குடியிருப்போர் இல்லை. 3018 இல் எஞ்சியிருந்த பாலமும் தகர்க்கப்பட்டது. அதனைக் காத்து நின்றவர்களில் நால்வர் மட்டுமே நீந்திக் கரையேறினர். வீதியாக இருந்த ஆறு எல்லையாக மாறுவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் எடுத்தன; முதற் கொள்ளியை வைத்தவர் உள்ளேயிருந்தவர். இப்பகுதியைப் படிக்கும் இந்நாட்டு வாசகர் எவருக்கும் இது வெறும் மாயக்கதையாகத் தோன்றுவதில்லை என்றே கருதுகிறேன். மேற்கொண்டு இதனை விரிக்க வேண்டியதில்லை.

நம் வினாவுக்கு நேரடியாக உரியது கிளாடன் புலத்தின் கதை. சௌரொன் என்னும் கொடியோன் செய்த மோதிரத்தைப் போர்க்களத்தில் அவன் கையிலிருந்து வெட்டியெடுத்தவன் இசில்தூர். மூன்றாம் யுகத்தின் 2 ஆம் ஆண்டில், வடக்கே திரும்பும் வழியில், கிளாடன் ஆறு அந்துயினோடு கூடும் சேற்றுநிலத்தருகே ஓர்க்குகள் அவனைத் தாக்கின. மோதிரத்தை அணிந்து பிறர் கண்ணுக்குத் தெரியாதவனாகி ஆற்றில் நீந்தியபோது அது விரலினின்று வழுவிற்று. வெளிப்பட்ட அவனை அம்புகள் வீழ்த்தின. மோதிரம் ஆற்றடியிலே 2461 ஆண்டுகள் கிடந்தது. 2463 அளவில், அப்பகுதியில் வாழ்ந்த ஆற்றங்கரை மக்களுள் டேயகொல் என்பவன் மீன்பிடிக்கையில் தூண்டிலை விழுங்கிய பெருமீன் அவனை நீருக்குள் இழுத்துவிட்டது. கையில் அள்ளிய சேற்றில் மோதிரம் மின்னிற்று. கரையில் நின்ற அவனுடைய தோழன் ஸ்மேயகொல் அன்று தனது பிறந்தநாள் என்று சொல்லி அதைக் கேட்டான். கிடைக்கவில்லை, கழுத்தை நெரித்தான். பின்னர் வாழ்நாள் முழுவதும் அதனைத் தன் பிறந்தநாட் பரிசென்றே தனக்குத்தானே சொல்லி வந்தான்.

இப்போது ஆண்டுக் குறிப்பை மேலும் ஐந்நூறு ஆண்டுகள் கீழே பார்க்கவேண்டும். 2953 இல் அறிஞர் அவை கூடுகின்றது. அதன் தலைவன் சருமான் மோதிரங்களைப் பற்றிய கலையில் வல்லவன். மோதிரம் அந்துயினால் அடித்துச் செல்லப்பட்டுக் கடலிற் கலந்துவிட்டது எனத் தான் ஆராய்ந்து கண்டறிந்ததாக அவன் அவைக்குக் கூறினான். அவன் அவ்வாறு எதனையும் கண்டறியவில்லை. தனக்கென அதனைக் கைப்பற்றும் எண்ணத்தோடு கிளாடன் புலத்தில் தேடிக்கொண்டிருந்தவன் அவன். மற்றவர் தேடாதிருக்க வேண்டும் என்பதே அவன் தேவை. அவை நம்பியது. ஐயமுற்றிருந்த கன்டால்ஃபும் தன் ஐயத்தை அடக்கிக்கொண்டான்.

இல்லாத ஆற்றைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா என்று நண்பர் கேட்டார். முடியும், சருமான் சொன்னான். அந்துயின் இல்லை; மோதிரம் இல்லை; சருமானும் இல்லை. எனினும் மோதிரம் கடலைச் சேர்ந்தது என்னும் கூற்று பொய். அதனைப் பொய்யாக்குவது எது என்று பார்த்தால், லூயிஸ் கூறியது போலக் கதையின்படி மோதிரம் வேறிடத்தில் இருந்தது என்பது ஒரு பகுதி விடை. அது மட்டும் போதாது. மோதிரம் எங்கே என்பதை அறியாத ஒருவன் நேர்மையாக அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது பிழையாகியிருக்கும், பொய்யாகியிராது. சருமான் தான் அறியாததை அறிந்ததாகச் சொன்னான். தேடலை நிறுத்தும் பொருட்டுச் சொன்னான். எல்லா ஆறுகளும் கடலை அடைவன என்னும் பொது அறிவைத் தன் பொய்க்கு வாகனமாக்கினான். ஆற்றின் இயல்பு அவனுக்குச் சாட்சி சொன்னது போலத் தோன்றியதாலேயே அறிஞரும் ஏமாந்தனர். வெறும் முயற்கொம்பைப் பற்றி இத்தகைய பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. முயற்கொம்புக்கு மேல்நீர் கீழ்நீர் கிடையாது.

ஆகவே அந்துயின் முயற்கொம்பு வகையைச் சார்ந்ததன்று. படைத்தவனையும் கட்டுப்படுத்தும் அளவுக்கு அதற்கு ஓர் இயல்பு ஏற்பட்டுவிட்டது. கதைமாந்தர் லொத்லோரியனிலிருந்து படகேறி ரௌரொசுக்கு மேலுள்ள ஏரியின் கரையை அடைய ஏறத்தாழப் பத்து நாட்கள் ஆகின்றன. அப்பயணத்திலே சாம் என்னும் தோட்டக்காரன் வானில் மெல்லிய பிறையைக் கண்டு கணக்குப் பார்க்கின்றான். அவ்வனத்தில் தாம் தங்கிய நாட்கள் கணக்கில் சேரவில்லையே என்று குழம்புகின்றான். ஆற்றில் கழியும் இரவுகளை எண்ணாமல் இருக்க முடியாது என்பதால் எழுந்த குழப்பம் இது. ஆசிரியரும் இதே கணக்கில் அகப்பட்டவர்தாம். ஒரே நாளில் வெவ்வேறிடங்களில் நிற்கும் மாந்தர் வெவ்வேறு பிறையைக் காணக்கூடாது என்பதற்காக எழுதிய பகுதிகளைத் திருத்தி நாட்களை மாற்றியமைத்தார். யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

இன்னொன்று. பொரொமிர் என்னும் வீரன் அருவிக்கு மேலே இறக்கின்றான். அவனுடலைப் படகிற் கிடத்தி ரௌரொஸ் வழியே அனுப்புகின்றனர் தோழர். சில நாட்களின் பின் கீழே ஒஸ்கிலியத்தருகே இரவுக் காவலில் நின்ற அவன் தம்பி ஃபரமிர், மங்கிய ஒளியில் ஒரு படகு மிதந்து வருவதையும் அதனுள்ளே தமையன் கிடப்பதையும் காண்கின்றான். கதையின் உருக்கமான இடங்களில் இது ஒன்று. சாதாரண எழுத்தாளர் இவ்விடத்தில் வாசகரை அழவைத்துவிட்டு நகர்ந்திருப்பார். ரோல்கீன் அடுத்த கணமே புரோடோவைக் கொண்டு ஒரு வினாவை எழுப்புகின்றார்: அவ்வளவு பெரிய அருவியில் வீழ்ந்த படகு எவ்வாறு கவிழாமல் வந்தது? நீ கண்டது பகைவனின் மாயையாக இருக்கலாகாதா? ஃபரமிர் அப்படகு எங்கே செய்யப்பட்டது என்பதைச் சுட்டி விடை கூறுகின்றான். பிளவுண்ட ஊதுகொம்பின் இரு துண்டுகள் வெவ்வேறிடங்களிற் கரையொதுங்கிய செய்தியும் இருக்கின்றது. விடை முழுநிறைவானதா என்பது வேறு விடயம். தான் கண்ணீரோடு படைத்த காட்சியைத் தன் ஆற்றின் முன் நிறுத்தி, இது உன்னில் நிகழக்கூடியதா என்று கேட்கும் நேர்மையே ஈண்டு கவனிக்கத்தக்கது.

இத்தகைய இலக்கியம் தப்பியோட்டமே என்னும் குற்றச்சாட்டை நானறிவேன். எமது பல்கலைக்கழகங்களிலே அது பலகாலம் வலுவாக முன்வைக்கப்பட்ட ஒன்று. ரோல்கீன் 1939 இல் ஆற்றிய உரையொன்றிலே, சிறைப்பட்டவன் வெளியே செல்ல விரும்புவதும் படையைக் கைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என அதற்குப் பதிலளித்தார். அப்பதில் எனக்கு முக்கால் பங்கு ஏற்புடையது. கால் பங்கு ஏற்பில்லாமைக்குக் காரணம், சிறைக்கு வெளியே எங்கு செல்வது என்பதை அது சொல்லவில்லை. ஆனால் என்னை உறுத்தியது இந்தக் குற்றச்சாட்டன்று. என் சொந்தக் கணக்கொன்று.

நமக்கும் இல்லாத ஆறு ஒன்றுண்டு. பஃறுளியாற்றின் பெயர் புறநானூற்றில் வருகின்றது. அவ்வாறும் குமரிக்கோடும் கடலாற் கொள்ளப்பட்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அதன் உரைகாரர் அடியார்க்கு நல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவத நிலமும் 49 நாடுகளும் இருந்தன என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, 1864 இல், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்படும் சில விலங்குகளின் ஒற்றுமையை விளக்குதற்காக ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர் லெமூரியா என்ற அமிழ்ந்த கண்டத்தை ஊகித்தார். கண்டங்கள் நகர்வன என்பது 1960களில் நிலைபெற்றபின் அவ்வூகத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. அதற்குள் நம்மவர் இரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டத்துக்குப் படமே வரைந்துவிட்டனர்.

பாடிய புலவர் பொய்யர் அல்லர். கடல் கொண்டது என்பதும் வெறுங் கற்பனையன்று; இறுதிப் பனியூழியிலே, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் முன், கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது; இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. நீர் ஏறியபோது கரையோரங்கள் மறைந்தன. அத்தகையதொரு மறைவின் நினைவு தலைமுறைகளினூடே எங்கேனும் தங்கியிருக்கலாம் என்று ஒருவர் கருதினால் அவரோடு உரையாடலாம். உரைகாரரும் தாம் கேட்டதைச் சொன்னவராக இருக்கலாம். சிட்னியின் பாதுகாப்பு அவர்கள் எல்லோரையும் தழுவும். அது என்னைத் தழுவாது.

பதின்மூன்று வயதில் நான் பாடசாலைகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியொன்றிலே ‘கடல் கொண்ட தமிழகம்’ என்னும் தலைப்பிற் பேசினேன். ஒரு காவதம் பத்து மைல் என்று எங்கோ படித்திருந்தேன். காவதத்துக்கு வேறு குறுகிய அளவுகளும் சொல்லப்படுவதை அதே பக்கத்திற் பார்த்திருந்தேன். பெரியதையே தெரிந்தெடுத்து ஏழாயிரம் மைல் என்று முழங்கினேன். அத்தோடு நின்றிருக்கலாம். பஃறுளியின் கரையிலே ஒரு துறைமுகப் பட்டினத்தை நானே நிறுவி, அதற்கு அழகான பெயரொன்றும் வைத்து, ‘ஆய்வாளர் கூறுவர்’ என்று முடித்தேன். கைதட்டல் நீண்டது. முதற் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர் அப்பட்டினத்தைப் பற்றித் தாமும் படித்திருப்பதாக என்னைப் பாராட்டினார்.

இதனைச் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் பெருக்கினார். கன்னியாகுமரி வட அகலக்கோடு எட்டுப் பாகையளவில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் 98 பாகை. பாகைக்கு 69 மைல் வீதம் 6762 மைல். “உன்னுடைய பஃறுளி துருவத்தையுந் தாண்டி அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது” என்றார். ரோல்கீன் தம் பிறைநிலவுக்குக் காட்டிய மரியாதையில் நூற்றிலொரு பங்கையேனும் நான் பஃறுளிக்குக் காட்டவில்லை என்பது அக்கணத்தில் உறைத்தது.

நான் செய்ததும் ரோல்கீன் செய்ததும் ஒருவகையில் ஒரே தொழில்தான். இருவரும் இல்லாத ஆற்றின் கரையில் இல்லாத நகரைக் கட்டினோம். ஒஸ்கிலியத்தை அவர் தம்முடையது என்று சொல்லிக் கட்டினார். எனது பட்டினத்தை நான் ஆய்வாளர் தலையிற் கட்டினேன். ஊகத்துக்கும் சான்றுக்கும் இடையே தேடிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. கடலடி ஆய்வும் தொல்லியலும் கேட்க வேண்டிய வினாக்கள் எத்தனையோ உண்டு. எல்லாம் தெரிந்துவிட்டது என்று மேடையிற் சொல்பவன் அத்தேடலை நிறுத்துகிறான். எனக்கு மோதிரத்தின்மீது ஆசை இருக்கவில்லை; கைதட்டலின்மீது இருந்தது. அவ்வளவே வேறுபாடு. பெருமை தேவைப்படும் ஒரு மக்களுக்கு அப்பெருமையைக் கொடுப்பது பொய்யாகுமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டதும் உண்டு. பிறந்தநாட் பரிசு என்று ஸ்மேயகொல் சொல்லிக்கொண்டதைவிட அது எவ்வகையிலும் வலுவான நியாயமாக இப்போது தோன்றவில்லை. அந்த நடுவரை நினைக்கும்போது மட்டும் எனக்குக் குழப்பம் நீடிக்கிறது. இல்லாத பட்டினத்தைத் தாம் படித்ததாகச் சொன்ன அவர் பொய் சொன்னாரா, அன்றி அப்படி நினைவுகூரும் அளவுக்கு நம்பிவிட்டாரா? இரண்டாவதே என்றால் அவர் நினைவில் இன்றும் நிற்கும் அந்நகருக்கு நானே பொறுப்பு.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் சித்தியின் மகள் அதே தலைப்பிற் பேசவிருப்பதாகச் சொல்லி எனது பழைய கொப்பியைக் கேட்டாள். கொடுப்பதற்கு முன் ஏழாயிரம் மைலையும் பட்டினத்தையும் சிவப்பு மையால் வெட்டினேன். உரைகாரர் 700 காவதம் என்று சொல்கிறார், அது எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்தில்லை என்று ஓரத்தில் எழுதினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணா, எவ்வளவு தூரமெண்டு சொல்லாட்டிப் புள்ளி குறையுமெல்லோ?”

குறையும் என்றேன்.